பாறை குடித்த கோந்து

தாராவியில் எங்கள் சந்துக்கு வந்து, அமெரிக்காவில் பாறையை உடைக்கிறார்கள், அதனால் உன் சேலையில் பூ சரியாக விழாது என்று யாராவது சொல்லியிருந்தால், பைத்தியம் என்று விரட்டியிருப்பேன். ஆனால் அதுதான் நடந்தது. பல வருஷம் ஆகிவிட்டது. வியப்பு இன்னும் அடங்கவில்லை. கோபமும் அடங்கவில்லை. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியாது, சேர்த்தே எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் சேலைக்கு அச்சடிக்கிறோம். பெரிய மில் எல்லாம் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, அதற்குள் மூன்று மேசை. ஒவ்வொரு மேசையும் ஒரு முழுச் சேலையை விரிக்கும் நீளம். வெள்ளை பாலியஸ்டர் துணியை மேசையில் ஒட்டுவோம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையை அதன்மேல் வைத்து நிறத்தை ஊற்றுவோம். இந்தப் பக்கம் நிற்பவர் ரப்பர் பட்டையால் தள்ள, அந்தப் பக்கம் நிற்பவர் வாங்கித் திருப்பித் தள்ளுவார். வலையில் எங்கே வழி இருக்கிறதோ அங்கே மட்டும் நிறம் இறங்கும். சட்டத்தைத் தூக்கினால் பூ. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். அடித்த துணியைக் கூரைக் கயிற்றில் காயவிட்டு, ஆவிப் பெட்டியில் வேகவைத்து, அலசி மடித்தால் சேலை. ஊரில் ஆடித் தள்ளுபடியில் சண்டை போட்டு அள்ளிக்கொண்டு போகிறீர்களே, மெல்லிய பூப்போட்ட சேலை, அதில் எத்தனையோ சேலை எங்கள் அறை போன்ற அறைகளிலிருந்து வந்ததுதான்.

சேலையைப் பார்ப்பவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். உண்மையில் வேலை செய்வது கோந்து. வெறும் நிறத் தண்ணீரை வலையில் ஊற்றினால் அது துணி முழுக்க ஓடிவிடும், பூவும் இருக்காது, இலையும் இருக்காது. அதனால் தண்ணீரில் கோந்து மாவைத் தூவிக் கிண்ட வேண்டும். வாளி நிறையத் தண்ணீருக்குக் கொஞ்சம் மாவு போதும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு குச்சி கனக்கும். பிறகு தண்ணீர் குச்சியோடு சேர்ந்து சுற்றும். அப்புறம் குச்சியைத் தூக்கினால் தேன் மாதிரி அறாமல் இறங்கும். அடுப்பு வேண்டாம், காய்ச்ச வேண்டாம், ஓடுகிற தண்ணீர் அப்படியே நின்றுவிடும். இத்தனை வருஷம் கிண்டியும் தண்ணீர் நிற்கிற அந்த நேரம் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான்.

அந்தக் கோந்து நிறத்தைச் சுமந்துகொண்டு போய், இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி வைக்கும். ஆவியில் நிறம் துணிக்குள் ஏறியதும் அலசலில் கோந்து கழன்று சாக்கடைக்குப் போய்விடும். சேலையில் அது இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

அது எதிலிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. மூட்டையாக வரும். பிரிப்போம், கிண்டுவோம். உப்பு வாங்குகிறவர்கள் கடலைப் பற்றிக் கேட்கிறார்களா?

அந்த வருஷம் கோடை பிறந்தபோது செம்பூர் பாய் ஆர்டரோடு வந்தார். செம்பூரில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்பவர். கடையநல்லூர்ப் பக்கம். எங்கள் சேலைகளை வாங்கி ஊர்ப்பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புவார். எங்களுக்கு வேறு பெரிய ஆர்டர் கிடையாது. அவர்தான் எங்களுக்கு அடுப்பு.

"தங்கச்சி, ஆடி பொறக்குறதுக்குள்ள சரக்கு ஊர்ல எறங்கியிருக்கணும். பிந்தி வந்தா நான் அத வச்சுப் பந்தல்தான் போடணும்."

"எந்த வருஷம் பாய் பிந்திருக்கு?"

"பிந்தலம்மா. நான் இல்லன்னா சொல்லுதேன்? ஆனா சூரத்துக்காரன் தெனமும் போன் போடுதான். எல்லாம் மிஷின். காலைல சொன்னா சாய்ங்காலம் குடுக்கான். நம்ம ஊர்க்காரங்களாச்சேன்னுதான் இங்க வாறேன். இந்தத் தடவ பூ பிசகுச்சு, நாள் பிசகுச்சுன்னா நான் அங்க போயிருவேன். அப்புறம் பாய் சொல்லலன்னு சொல்லப்பிடாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. அவர் போனால் மேசைகளை உடைத்து விற்க வேண்டியதுதான். பக்கத்து அறையில் தோல் பை தைக்கிறவன் ஏற்கெனவே எங்கள் அறைமேல் கண் வைத்திருந்தான். பார்க்கும்போதெல்லாம், "அக்கா, காலி பண்ற மாதிரி ஐடியா இருந்தா மொதல்ல என்கிட்ட சொல்லுங்க" என்பான். எழவு வீட்டில் பாடை கட்ட வந்தவன் மாதிரி.

கோந்து வாங்கக் காட்கோபருக்குப் போனேன். அங்கே ஒரு ராஜஸ்தான்காரர் கடையில்தான் எப்போதும் வாங்குவோம். அவர் பேசியது இந்தியில், என்னைப் பாபி, அதாவது அண்ணி, என்பார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாபி, சரக்கு இல்லை."

பின்னால் எட்டிப் பார்த்தேன். கூரைவரை மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் சுவர் தெரிந்தது. அந்தச் சுவரின் நிறத்தையே அன்றுதான் பார்த்தேன்.

"யாரு வாங்கினா?"

"அமெரிக்காக்காரன்."

"அவன் பொண்டாட்டி சேலை கட்ட ஆரம்பிச்சுட்டாளா?"

"எண்ணெய் எடுக்க, பாபி. பூமிக்குள்ள ஊத்துறான். நெஜமா. இருக்கிற கொஞ்சத்தையும் சொல்ற விலையில நீங்க வாங்க மாட்டீங்க."

விலையைச் சொன்னார். நான் வாங்க மாட்டேன்தான். அந்த விலைக்குக் கோந்து போட்டால் சேலையைவிடக் கோந்துக்கு விலை அதிகம் சொல்ல வேண்டும்.

"சேட்டு, விலை ஏத்தணும்னா ஏத்து. கதை விடாதே," என்றேன்.

அவர் சாமி படத்தைத் தொட்டுக் காட்டினார். அவருடைய ஊரில் ஆட்கள் இதை விற்று ஜீப் வாங்குகிறார்களாம். அவர் தம்பியும் ஒன்று வாங்கி, வயலுக்குக் காவல் ஆள் போட்டிருக்கிறாராம். "புளியங்கொட்டை மாவு இருக்கு, அதுல கிண்டலாம். வேணுமா? அதுவும் ரொம்ப நாள் நிக்காது" என்றார்.

"நான் புளிக்கொழம்பு வைக்க வரலை," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கடைவாசலில் ஒரு மாட்டுங்காக்காரர், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் டிபன் கேரியர் பை. அங்கே ஐஸ்கிரீம் போட்டு விற்கிறவராம்.

"உங்களுக்குமாம்மா?" என்றார். "எங்களுக்கும் இதே கதிதான். இந்தக் கோந்து போடலேன்னா ஐஸ்கிரீம்ல கல்லு கல்லா ஐஸ் கட்டிண்டுடறது. நேத்திக்கு ஒருத்தர் பல்லைப் பிடிச்சிண்டே திரும்பி வந்துட்டார்."

நான் அவரை முறைத்துப் பார்த்தேன். "நான் சேலைக்குப் போடுறதையா நீங்க ஐஸ்கிரீம்ல போடுறீங்க?"

"நாங்க போடறதைத்தான் நீங்க சேலைக்குப் போடறேள்," என்றார் அவர். கோபம் வந்தது. ஆனால் ரயிலில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். நான் கழுவிச் சாக்கடையில் விடுவதைக் குழந்தைகள் நக்கித் தின்கின்றன. அதையே அமெரிக்காக்காரன் பூமிக்குள் ஊற்றுகிறான். என்ன மாவு இது?

அதற்குப் பதில் என் வீட்டிலேயே கிடைத்தது, சோற்றுத் தட்டில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் சாப்பிட வந்தான். வீட்டுக்காரரின் தம்பி. செம்பூரைத் தாண்டி எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலைகளில் குழாய்க்கு வெல்டிங் அடிக்கிற கான்ட்ராக்ட் வேலை. அதற்கு முன்னால் துபாய்ப் பக்கம் இருந்தவன். எண்ணெய் பற்றி அவனிடம் வாய் கொடுத்தால் நிறுத்த மாட்டான். நான் சேட்டைத் திட்டிக்கொண்டே பரிமாறினேன்.

"மதினி, சேட்டு பொய் சொல்லல," என்றான், வாயில் சோற்றோடு.

"நீயும் அவன் கட்சியா?"

பொரியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினான். "இது என்ன?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? சீனியவரைக்கா. திங்க வந்த எடத்துல பரீட்ச வைக்கான் பாரு."

"இதான் ஒங்க கோந்து."

வீட்டுக்காரர் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"செடியில முத்த விட்டு, காய வச்சு, உள்ள இருக்க கொட்டைய எடுத்து அரைச்சா ஒங்க மாவு. ராஜஸ்தான் மணல்ல வெளையுது. எங்க ஆலைல ஒரு இன்சினியர் சொன்னாரு, நானும் மொதல்ல நம்பல."

சீனியவரைக்காயை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சென்னைக்காரர்கள் கொத்தவரங்காய் என்பார்கள். யாரும் ஆசைப்பட்டுக் கேட்கிற காய் இல்லை. வேறு காய் இல்லாத நாளில் வைப்பது. தட்டில் ஓரமாகக் கிடந்த அதைக் குனிந்து பார்த்தேன். வாழ்நாள் முழுக்க ஒரு கையால் இதை நறுக்கினேன், மறு கையால் இதையே வாளியில் கிண்டினேன். எனக்குத் தெரியவில்லை.

"சரி, அமெரிக்காக்காரனுக்கு இது என்னத்துக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"அங்க எண்ணெயும் கேஸும் கெணத்துல ஊறுத மாதிரி ஊறாதுண்ணே. எள்ளுக்குள்ள எண்ண இருக்க மாதிரி பாறைக்குள்ள பொதிஞ்சு கெடக்கு. முந்தி அத எடுக்க முடியாது, எடுத்தாலும் கட்டாது. இப்ப என்ன செய்யுதான்னா, நேர கீழ தொளச்சு, அடியில போய்ப் படுக்க வாக்குல தொளச்சுக்கிட்டே போறான். பொறவு தண்ணிய அழுத்தி அடிக்கான். பாறை விரியுது. அழுத்தத்த எடுத்தா விரிசல் மூடிக்கிடுமா இல்லியா?"

"மூடும்."

"மூடாம இருக்க மணல உள்ள அனுப்புதான். மணல் போய் விரிசல்ல முட்டுக் குடுத்து நிக்கும். எண்ண அது வழியா கசிஞ்சு வரும். ஆனா வெறும் தண்ணில மணலப் போட்டா?"

"அடியில உக்காந்துரும்," என்றேன் நான்.

"அதான். உக்காராமத் தூக்கிட்டுப் போவ ஒண்ணு வேணும்லா?"

அது எங்கள் வாளி. எங்கள் குச்சி. நிறத்துக்குப் பதில் மணல், துணிக்குப் பதில் பாறை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

"மணல எறக்குன பொறவு கோந்து என்ன ஆவும்?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"அதுக்கு ஒரு மருந்து உண்டு. நீத்துப் போய்த் தண்ணியா வெளிய வந்துரும்."

அலசல். அங்கேயும் அலசல்.

அவன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். வெட்ட வெளி. வீடு மாதிரி லாரிகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் உறுமுகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் மனிதர்கள் எறும்பு மாதிரி. எல்லா லாரியிலிருந்தும் குழாய்கள் வந்து ஒரே துளைக்குள் போகின்றன. ஒரு மூலையில் ஒருவன் பெரிய மூட்டையின் வாயைத் திறந்துவிட்டான். வெளிர் மஞ்சள் மாவு சரிந்து புகை மாதிரி எழும்பியது. அந்த மாவு சரிகிற விதம் எனக்குத் தெரியும். தினமும் நான் பார்க்கிற புகை அது.

"ஒரு கெணத்துக்கு எவ்வளவு ஊத்துவான்?"

"ஒங்க ரூம்புல அடுக்குனா ஒங்களுக்கு நிக்க எடம் இருக்காது, மதினி. அந்த மாதிரி கெணறு எண்ண முடியாம இருக்கு."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது, பிறகு வந்தது. ஆனால் முதலில் வந்தது கோபம் இல்லை. மலையை உடைக்க வெடி வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே பூமிக்கு அடியில் வெளிச்சமே படாத பாறை, சீனியவரைக்காய்க் கொட்டைக்கு வழிவிடுகிறது. அதைக் கண்டுபிடித்தவனுக்கு எப்படித் தோன்றியது? எவன் அவனுக்கு அதைத் தின்னக் கொடுத்தான்?

கொழுந்தன் போன பிறகு வீட்டுக்காரர் அடுக்களைப் பரணைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஊரிலிருந்து வந்த வத்தல் டின்னை இறக்கினார்.

"ஏளா, இதுலயும் அதே கொட்டதான இருக்கு?"

இந்தத் தப்பை இந்த ஊரில் எங்கள் தமிழ் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. குஜராத்தி வீட்டில் சீனியவரைக்காய் வத்தல் டின் இருக்காது. எங்கள் சந்தில் எல்லார் வீட்டிலும் இருக்கும். போதாததற்கு அது கோடை. பாதி வீட்டுக் கூரைத் தகரத்தில் உப்பு மோரில் வேகவைத்த வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கும் அவர் சொன்னது சரியென்றுதான் பட்டது. அடடா, அமெரிக்காக்காரனுக்குத் தெரியாமல் நம் தலைக்கு மேலேயே காய்கிறதே என்று கூட நினைத்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினேன்.

"என்ன விசேஷம் மதினி, ஊருக்கே வத்தக்கொழம்பு பந்தியா?" என்று சிரித்தார்கள். மாவு மில்காரன் அரைக்க மாட்டேன் என்றுவிட்டான். "இத அரைச்சா அப்புறம் எவன் இதுல கோதும அரைப்பான்?" வீட்டு மிக்ஸியில் அரைத்தோம். மிக்ஸி புகைந்தது. விடவில்லை.

தண்ணீரில் கலந்து கிண்டினோம். தண்ணீர் நின்றது! தேன் மாதிரி இல்லை, கூழ் மாதிரி. ஆனாலும் நின்றது. வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். கத்திரிப்பூ நிறத்தைக் கலந்து ஒரு சேலை அடித்தோம். மேசையில் பார்க்கப் பூ நன்றாகத்தான் இருந்தது. காயவைத்து ஆவிப் பெட்டிக்குள் தள்ளினோம்.

முதலில் வாசனை வந்தது. பிறகு சந்து முழுக்க அந்த வாசனைதான். "யாரு வீட்டுல வத்தல் வறுக்கா?" என்று அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள், கேலிக்கு. பெட்டியைத் திறந்து சேலையை இழுத்தேன். உப்பு தன் வேலையைக் காட்டியிருந்தது. புளித்த பால் மாதிரி நிறம் திரிந்து, பொட்டுப் பொட்டாகச் சேலை முழுக்க அம்மை போட்டிருந்தது. பூக்களின் ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அலசினேன், மறுபடி அலசினேன். மோர் நாற்றம் போகவில்லை.

கொழுந்தனுக்குப் போன் போட்டால் அவன் சிரிப்பை நிறுத்தவே இல்லை. "முத்தி நெத்தான கொட்டைல்லா வேணும்! பிஞ்சுல என்ன இருக்கு? அதுவும் உப்பப் போட்டு, மோர ஊத்தி... அமெரிக்காக்காரன் கேட்டாக் கெணத்த மூடிட்டு ஓடிருவான் மதினி."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மேசையைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறைக்காரன் வாசலில் நின்று எங்கள் மேசைகளின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

மானத்தை விட்டு மறுபடி காட்கோபர் போனேன். "சேட்டு, அந்தப் புளியங்கொட்டை மாவு குடு."

"சொன்னேனே பாபி. அதுவும் போச்சு."

கோந்து கிடைக்காத துணிக்காரன் எல்லாம் புளியங்கொட்டைமேல் பாய்ந்துவிட்டானாம். அதன் விலையும் கோந்தைத் துரத்திக்கொண்டு ஏறிவிட்டதாம். கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். உலகத்தின் அந்த மூலையில் ஒரு துளை. அதற்காக இங்கே ஒருவன் ஜீப் வாங்குகிறான், மாட்டுங்காவில் ஒருவன் பல்லைப் பிடித்துக்கொள்கிறான், என் ஆவிப் பெட்டியில் வத்தல் வேகிறது, இப்போது எவனும் சீந்தாத புளியங்கொட்டைக்கு அடிதடி. யாரும் யாரையும் பார்த்ததில்லை. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவும் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டிக் கிடந்திருக்கிறது. எவனோ அந்தப் பக்கம் இழுத்தபோதுதான் எனக்குக் கயிறு தெரிந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்றும் இருந்தது. கடலை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அப்படி இருந்தது.

சந்துக்குத் திரும்பினேன். முனையில் டக், டக் என்று சத்தம். அங்கே பெண்கள் வீட்டுவாசலில் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். மாட்டுங்காவில் மளிகைக்கடை வைத்திருப்பவர் மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போவார். இவர்கள் சிறு இரும்புத் துண்டால் தட்டிக் கொட்டையை நீக்கிக் கொடுக்க வேண்டும். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன். அன்று நின்றேன். ஒருத்தியின் பக்கத்தில் கொட்டை முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"இந்தக் கொட்டைய என்ன செய்வீய?"

"என்ன செய்ய? அவரு புளியத்தான் எடுப்பாரு. இது குப்பைக்குத்தான் போவும்."

"எனக்குத் தா."

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள். "வத்தல் முடிஞ்சு இப்பப் புளி. நாளைக்குப் பெருங்காயம் கேட்டு வருவாவ போல." எல்லாரும் சிரித்தார்கள். "எடுத்துக்கிடுங்க மதினி. ஆனா எனக்கு ஒரு சேல வேணும். வத்தல் நாத்தம் இல்லாத சேல."

வறுத்தோம், இடித்தோம், தோலைப் புடைத்து எடுத்தோம். மில்காரன் முகர்ந்து பார்த்துவிட்டு அரைத்துக் கொடுத்தான். புளியங்கொட்டை மாவு சீனியவரைக்காய் மாதிரிப் பச்சைத் தண்ணீரில் நிற்காது. காய்ச்ச வேண்டும். கோடை வெயிலில் மாலைக்குள் புளித்துவிடும், தினமும் காலையில் புதிதாகக் காய்ச்ச வேண்டும். அலசினால் லேசில் கழலாது, ஊறவைத்துக் கசக்க வேண்டும். எல்லா வேலையும் இரட்டிப்பு. ஆனால் சட்டத்தைத் தூக்கியபோது பூ அதன் இடத்தில் நின்றது. ஓரம் ஓடவில்லை. ஆவிப் பெட்டியிலிருந்து ஆவி வாசனை மட்டும் வந்தது. வீட்டுக்காரர் அந்தச் சேலையை முகத்தில் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்தார். நான் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

முழு ஆர்டரும் மடித்து அடுக்கியபோது பாய் வந்தார். ஒரு சேலையை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பூவின்மேல் தேய்த்தார். விரலைப் பார்த்தார். கசக்கி விரித்தார். இன்னொரு சேலையை எடுத்தார்.

"நெறம் கொஞ்சம் மங்கி இருக்கே, தங்கச்சி."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"மங்கித்தான் இருக்கு பாய். கோந்து கெடைக்கல. அமெரிக்காக்காரன் அவ்வளவையும் பாறைக்கு ஊத்திட்டான். இது புளியங்கொட்டைல அடிச்சது. சாயம் போவாது, பூ கலையாது. புடிச்சா எடுங்க. புடிக்கலன்னா சூரத்துக்குப் போங்க."

பாய் சேலையை மடித்தார். மெதுவாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். என் வீட்டுக்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சூரத்துக்குப் போன வாரமே போன் போட்டேம்மா," என்றார் பாய்.

"என்ன சொன்னான்?"

"அவனுக்கும் கோந்து இல்லியாம். அத்தன மிஷினும் சும்மா நிக்குதாம். ஆடிக்கு என்ன நம்பாதீங்க பாய்னுட்டான்." சேலையை அடுக்கின்மேல் வைத்துத் தட்டினார். "ஊர்ல எல்லாக் கடையிலயும் இந்த வருஷம் மங்கின சேலதான் இருக்கும், இல்லன்னா சேலையே இருக்காது. வண்டிய வரச் சொல்லட்டா?"

அப்போதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. வாய் பிளந்து நின்றேன். நான் இரவும் பகலும் பயந்தேனே, அந்தச் சூரத்து மிஷின், அதையும் அந்தத் துளை குடித்துவிட்டது. அந்த மிஷின்களுக்கு எங்கள் சந்தின் புளியங்கொட்டை ஒரு காலை வேலைக்குக் காணாது. எங்கள் மூன்று மேசைக்குத் தாராளமாகப் போதும். சிறிசாக இருந்ததால் தப்பித்தோம். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

பாய் படியிறங்கும்போது திரும்பினார். "புளின்னு ஊர்ல யாருகிட்டயும் சொல்லிராத தங்கச்சி. பொம்பளைய சேலைய ஊறவச்சு ரசம் வச்சிருவாளுவ."

புளி தட்டுகிறவளுக்கு அந்த அடுக்கிலிருந்தே ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

பிறகு கோந்து திரும்பி வந்தது. அங்கே எண்ணெய் விலை விழுந்து, துளை போடுவதை நிறுத்தினார்களாம். காட்கோபர் சேட்டே போன் போட்டு, எடுத்துக்கோங்க பாபி என்று கெஞ்சினார். அவர் ஊரில் இருந்த மணல் முழுக்க இதையே விதைத்துவிட்டார்களாம், வாங்க ஆள் இல்லை. தம்பியின் ஜீப் போய்விட்டது. அவர் அதைச் சொன்னபோது எனக்கு மறுபடி கோபம் வந்தது. ஏறும்போதும் யாரும் எங்களைக் கேட்கவில்லை, இறங்கும்போதும் கேட்கவில்லை. அங்கே ஒருவன் குழாயைத் திறக்கிறான், மூடுகிறான். ராஜஸ்தான்காரனும் நானும் ஆடுகிறோம்.

பாய் இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார். பக்கத்து அறைக்காரன் இன்னும் கேட்கிறான். டிவியில் எண்ணெய் விலை ஏறுகிறது என்று சொன்னால் எல்லாரும் பெட்ரோலைப் பற்றிப் பேசுவார்கள். நான் எழுந்துபோய் மேசைக்கடியில் பார்ப்பேன். அங்கே ஒரு மூட்டை புளியங்கொட்டை எப்போதும் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்தன் வந்தான். தட்டை நீட்டினான்.

"மதினி, சீனியவரைக்கா இன்னுங் கொஞ்சம் வைங்க."

"தின்னு," என்றேன். "பாறைக்கு ஊத்துறதுக்கு முன்னால தின்னுட்டுப் போ."